அம்சவேணி ஊத்தின பெட்ரோல்

வண்டி டீசலுங்களா, பெட்ரோலுங்களா? தப்பா நெனைக்காதீங்க சார். ரோட்டுல இருந்து நீங்க திரும்பும்போதே சத்தத்துல தெரிஞ்சுபோச்சு எனக்கு. இருந்தாலும் கேப்பேன். போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் வந்து நின்னான். சொந்தக் காரு. எதுல ஓடுதுன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரிக்குத்தான் தெரியும், இருங்க போன் போட்டுக் கேக்கறேன்ங்கறான். தூ. கட்டுன பொண்டாட்டி பேராச்சும் ஞாபகம் இருக்குதான்னு கேட்டுப்போட்டேன்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ். இந்த டயர் மேல உக்காருங்க. டீக்குச் சொல்லியிருக்கறேன், எதுத்தாப்புல பேக்கரி, இப்ப வந்துரும். டீ நல்லா இருக்காது, அத முன்னாலயே சொல்லிப்போடறேன். கொண்டாரவளும் நல்லவ இல்ல. அதையும் சொல்லிப்போடறேன்.

என்ன கம்ப்ளெயின்ட்? இழுவை இல்ல, மேடு ஏறுனா கறுப்பாப் பொகை தள்ளுதுங்கறீங்க. சேலம் தாண்டுனதுல இருந்தா? சரி, பாப்போம். வேற ஊர்ல நின்னிருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சங்ககிரில வந்து நின்னீங்க பாருங்க, குடுத்து வச்சவரு. இந்த ஊர்ல நீங்க கல்லெடுத்து வீசுனா அது லாரி மேலதான் விழும். அந்த லாரியில அர்த்தனாரி கை படாத லாரி இல்ல. அர்த்தனாரிங்கறது நானுங்க. முப்பத்தாறு வருசம். டீசல் மட்டுந்தான். பெட்ரோல் வண்டியக் கொண்டாந்து நிறுத்துனா அக்கட்டால போடான்னு சொல்லிருவேன்.

பேக்கரில நீலச் சேலை கட்டிட்டு ஒரு பொம்பள கிளாஸ் கழுவிட்டு இருக்கறா, தெரியுதுங்களா? அவ பேரு அம்சவேணி. மூணு மாசத்துக்கு முன்னால வரைக்கும் பைபாஸ் பங்க்ல எண்ணெய் புடிச்சுட்டு இருந்தா. பதினோரு வருசம் அதே பங்க்ல. அவள அங்கிருந்து நிறுத்துனது நான்தான். எம் மாப்ளயோட டீசல் காருல பெட்ரோல ஊத்திப்போட்டா சார். பம்பு போயி, இன்ஜெக்டர் போயி, புதுக் காரு, ஒரு வருசம்கூட ஆகல. அவளப் பாத்தாலே எனக்குக் குமட்டும். அவ கொண்டார டீய நான் குடிக்கறேன் பாருங்க, அதுதான் எனக்கே புரியல. வேற கடை இல்லீங்களே.

அட, ரெண்டும் எண்ணெய்தான, கொஞ்சம் மாறிப்போனா என்னன்னு நீங்க நெனைக்கறீங்க. மூஞ்சியில தெரியுது. அங்கதான் சார் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பெட்ரோல் என்ஜின எடுத்துக்கங்க. காத்தும் பெட்ரோலும் ஒண்ணாக் கலந்து உள்ள போகும். பிஸ்டன் மேல வந்து அமுக்கும். பத்துல ஒரு பங்கா அமுக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெம்பு. அப்பறம் ஒரு பிளக்கு பொறி தட்டிவிடோணும். தட்டுனா எரியும். தட்டலைன்னா சும்மா கெடக்கும். கல்யாணத்துல பந்திக்குக் கூப்புட ஆளு வரட்டும்னு உக்காந்திருப்பானே, அந்த மாதிரி.

டீசல் அப்படியில்லீங்க. முதல்ல உள்ள போறது வெறும் காத்து. அத பதினெட்டுல ஒரு பங்கா நெறிப்போம். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடி சுடும், தொட்டுப் பாத்திருக்கறீங்களா? அதே சூடுதான். ஆனா இங்க எண்ணெய் தானாப் பத்திக்கற சூடு. அந்த நேரம் பாத்து இன்ஜெக்டர் டீசலப் பனி மாதிரித் தூவும். தூவுனது தூவுன எடத்துலயே எரியும். பிளக்கு வேண்டாம், பொறி வேண்டாம், ஒருத்தன் தயவும் வேண்டாம். அதுதான் அந்தக் கடகட சத்தம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, யாருகிட்டச் சொன்னாலும் நம்பமாட்டாங்க. ஒரு கிண்ணத்துல டீசல் ஊத்தி எரியற தீக்குச்சியப் போட்டா, குச்சி அணைஞ்சு போயிரும். பெட்ரோல்ல போட்டா உங்க புருவம் இருக்காது. ஆனா அதே பெட்ரோல அமுக்கிச் சூடு பண்ணிப் பாருங்க, லேசுல பத்தாது. அடம் புடிக்கும். பத்தற நேரத்துல பத்தாம, பத்தக்கூடாத நேரத்துல டமார்னு பத்தும். டீசல் அங்க பொசுக்குன்னு பத்திக்கும். அதுக்கு அந்த என்ஜின், இதுக்கு இந்த என்ஜின். இவ்வளவுதான் சார் விசயம். இது தெரியாம ஒருத்தி பதினோரு வருசம் எண்ணெய் புடிச்சிருக்கறா. கருமம்.

கையக் காட்டுங்க. இது டீசல். ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாருங்க. வழவழன்னு இருக்குதா? இப்ப அந்தக் கை. இது பெட்ரோல், இந்த பாட்டில்ல இருக்கறது. பாட்டில் எதுக்குன்னு அப்பறம் சொல்றேன். சிலுசிலுன்னு இருந்துச்சா, போயிருச்சா? தோலு வெளுத்துப்போச்சு பாத்தீங்களா? ஒரு பசை இல்ல. லாரி டயருக்கு நூத்திப்பத்து பவுண்டு காத்து வெப்போம். இந்தப் புதுக் காருங்க பம்புக்குள்ள இருபதாயிரம் பவுண்டுக்கு மேல அழுத்தம். இரும்பும் இரும்பும் ஒரசிக்கிட்டே இருக்கும். அங்க டீசல்தான் எரியற எண்ணெய், டீசல்தான் கிரீசும். பெட்ரோல் உள்ள போச்சுன்னா வறட்டு இரும்பு. தேஞ்சு தூளாகும். அந்தத் தூளு இன்ஜெக்டருக்குள்ள போயி அடைக்கும். எம் மாப்ள காருல அதுதான் நடந்துச்சு.

ஐய, இதப் பாருங்க சார், உங்க ஏர் ஃபில்டர். இது ஃபில்டரா, மாட்டுத் தொழுவத்துச் சாக்கா? எத்தனை நாளாச்சு மாத்தி? மூச்சு விட முடியலைன்னா பொகை கறுப்பாத்தான வரும். இருங்க, காத்தடிச்சுட்டு வர்றேன்.

ம். மாட்டியாச்சு. போற ஊர்ல புதுசு ஒண்ணு போட்டுக்கங்க. பாதி வியாதி இதுலயே போயிரும். மீதிப் பாதிக்கு மருந்து இருக்குது எங்கிட்ட.

எங்க விட்டேன்? மாப்ள. மோகனசுந்தரம்னு பேரு, ஓசூர்ல கம்பெனில இருக்கறாரு. தங்கமான மனுசன். எம் பொண்ணு பூங்கோதையக் கட்டியிருக்கறாரு. காரு வாங்குன நாள்ல இருந்து நோம்பி, பண்டிகைன்னா கார்லதான் வருவாங்க. வைகாசில திருச்செங்கோட்டுத் தேருக்கு வந்தாங்க. ரெண்டு நாள் இருந்தாங்க. கெளம்பற அன்னிக்குக் காலையில, மாப்ள எந்திரிக்கறதுக்கு முன்னாலயே நான் எந்திரிச்சு, காரக் கழுவி, பாக்க வேண்டியதெல்லாம் பாத்து வச்சேன். மாமனார் மெக்கானிக்கா இருந்துட்டு அது கூடச் செய்யலைன்னா எப்படி? டிபன் சாப்புட்டுட்டுக் கெளம்புனாங்க. பைபாஸ் பங்க்ல நின்னு நாப்பது லிட்டர் டேங்க ரொப்பியிருக்கறாரு. புடிச்சது இவ.

தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி திணறி நின்னுபோச்சு. பின்னால பூரா லாரி. ஹாரன அடிச்சுக் கொல்றானுங்க. ஒரு வயசுக் கொழந்தைய மடியில வச்சுட்டு எம் பொண்ணு நாலு மணி நேரம் வெயில்ல ரோட்டோரம் உக்காந்திருக்கறா. கொழந்தைக்கு அன்னிக்குச் சாயங்காலம் காச்சல். அர்த்தனாரி பொண்ணு, வண்டி நின்னு ரோட்டுல உக்கார்றதான்னு ஊரே சிரிக்கும்ல? எனக்கு வந்த வேகத்துக்கு அளவில்ல.

கட்டி இழுத்துட்டு சேலத்துக்கு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனாங்க. நானும் போனேன். ஏசி ரூமு, கண்ணாடிக் கதவு, சட்டையில ஒரு பொட்டு எண்ணெய் இல்லாத இன்ஜினியரு. அவனப் பாத்ததுமே எனக்குப் புடிக்கல. டீசல் ஃபில்டரக் கழட்டிக் காட்டுனான். ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுன்னு இரும்பு. டேங்க்ல இருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொன்னான், இருபதுல ஒரு பங்கு பெட்ரோல் இருக்குதுன்னு. அப்பறம் என்ன சொன்னான் தெரியுங்களா? "பங்க்ல மாத்திப் போட்டிருந்தா டேங்க் பூரா பெட்ரோல்தான் சார் இருக்கும், வண்டி ஊரத் தாண்டியிருக்காது. இது யாரோ கொஞ்சமா ஊத்தியிருக்காங்க. பம்பு தேஞ்சிருக்கறதப் பாத்தா ஒரு தடவை ஊத்துன மாதிரியும் தெரியல. பல தடவை ஊத்தியிருக்காங்க."

அவன் சொல்லி வாய மூடல, எனக்கு பளிச்சுன்னு ஆயிருச்சு. பல தடவைன்னா யாரு? மாப்ள நம்ம ஊருக்கு வந்தா ஒவ்வொருக்காவும் எந்த பங்க்ல போடறாரு? அதே பங்க். யாரு புடிக்கறா? அதே அம்சவேணி. பெட்ரோல் பைப்ப சொருகி ரெண்டு லிட்டர் விட்டிருப்பா. ஐயோ தப்புன்னு தெரிஞ்சதும் நைசா எடுத்துப்போட்டு டீசல் பைப்ப சொருகியிருப்பா. வாயத் தொறக்கமாட்டா. அப்ப இருபதுல ஒரு பங்கு கணக்கு சரியா வருதுங்களா? அந்த ஏசி ரூமுக்காரனுக்கு அது ஓடல. நான் சொன்னேன். மாப்ள எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு, அப்பறம் "விடுங்க மாமா, ஆனது ஆகிப்போச்சு"ன்னாரு. பெரிய மனசு. எனக்குத்தான் அந்த மனசு இல்ல.

நேரா பங்க்குக்குப் போனேன். லாரி வரிசையா நிக்குது, டிரைவருங்க அத்தனை பேரும் நம்ம ஆளுங்க. அத்தனை பேரு முன்னாலயும் கேட்டேன். ஏம்மா, பெட்ரோல் எது டீசல் எதுன்னு தெரியாத கைக்கு இந்த வேலை எதுக்குன்னு. அவ கத்தல சார், அது எனக்கு இன்னும் அருவருப்பா இருந்துச்சு. "ஏனுங்கண்ணா, நான் டீசல்தான் புடிச்சேன், பில்லப் பாருங்க"ங்கறா. பில்லு யாருக்கு வேணும்? மிசினு ரெண்டாவது புடிச்சதுக்குத்தான் பில்லு குடுக்கும். அப்பறம் ஓடிப்போயி கண்ணாடிக் குடுவையில டீசல் புடிச்சு, அடர்த்தி பாக்கற மானிய உள்ள விட்டு, பாருங்க சரியா இருக்குதுன்னு எம் மூஞ்சிக்கு நேரா நீட்டறா. தரைக்கடியில இருக்கற டீசல் சரியாத்தான் இருக்கும். தப்பு உங் கையிலதானன்னேன்.

அப்ப ஒண்ணு கேட்டா. "அண்ணா, காரு உங்க வீட்டுல ரெண்டு நாள் நின்னுச்சே, வேற யாராச்சும் டேங்க்ல கை வச்சாங்களா?"

என்ன திமிரு பாருங்க! எம் வீட்டு வாசல்ல நின்ன வண்டிய! என் கையத் தவிர வேற ஒரு கை அதுல படலடின்னேன். அத்தனை டிரைவரும் கேட்டானுங்க. அவ குடுவையக் கீழ வச்சுட்டா. எதுத்துப் பேசவும் முடியாது. நான் ஒரு வார்த்தை சொன்னா நாப்பது லாரி அந்த பங்க்ல நிக்காம எதுத்த பங்க்குக்குப் போயிரும், அது முதலாளிக்குத் தெரியும். அன்னிக்கே யூனிஃபார்ம வாங்கி வச்சுட்டு அனுப்பிட்டாரு. அதுக்கப்பறம் இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரு பங்க்லயும் அவள எடுக்கல. போற எடத்துலயெல்லாம், பெட்ரோல மாத்தி ஊத்துனவளான்னு கேக்கறாங்களாம். கேக்கட்டும். ரெண்டு பொட்டப்புள்ள படிக்குதுங்கறாங்க. எம் பேத்தி வெயில்ல கெடந்தாளே, அத யாரு கேட்டா?

மூணு மாசமா டீ கொண்டாந்து வெக்கறா, ஒரு வார்த்தை பேசறதில்ல. வெப்பா, போவா. ஒரு மன்னிப்பு கேட்டா கொறஞ்சா போயிருவா? தப்புப் பண்றவங்களவிட, பண்ணலன்னு சாதிக்கறவங்கதான் சார் எனக்கு ஆகவே ஆகாது.

மாப்ளயா? காரு சரியாயிருச்சு. ஆனா இப்பெல்லாம் பஸ்ல வர்றாரு. காரு எங்க மாப்ளன்னா, பஸ்ஸே சௌகரியமா இருக்குது மாமாங்கறாரு. காரக் கண்டாலே பயம் வந்துருச்சு போல, பாவம். எல்லாம் இவளாலதான்.

சரி, சாவியக் கையில வச்சுக்கங்க. நான் சொன்னதும் ஸ்டார்ட் பண்ணலாம். அதுக்கு முன்னால டேங்க் மூடியத் தொறந்து விடுங்க. மருந்துன்னேன்ல, அது இதுதான். இந்த பாட்டில். பொதுவா வண்டிக்காரங்க பாக்கற மாதிரி ஊத்தமாட்டேன், கைராசி போயிரும். தொழில் கத்துக்குடுத்த வாத்தியார் எனக்கு அப்படித்தான் சொன்னாரு. ஓரமா ஊத்திப்போட்டு, ஊத்துனேன்னும் சொல்லமாட்டேன். நீங்க இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டுட்டு உக்காந்திருக்கறீங்க, உங்களுக்கு மறைக்கறதுக்கு என்ன?

பெட்ரோல்தான் சார். பயப்படாதீங்க. சின்னப்புள்ளைங்களுக்கு மாசத்துக்கு ஒருக்கா விளக்கெண்ணெய் குடுப்பாங்கல்ல, வயித்தக் கழுவ? அதே கணக்கு. குளிருக்குக் காஷ்மீர் பக்கம் லோடு போன பழைய டிரைவருங்களக் கேட்டுப் பாருங்க, டீசல் உறைஞ்சு போகாம இருக்க பெட்ரோலக் கலந்துதான் ஓட்டுவாங்க. அங்க ஆரம்பிச்ச வைத்தியம். ரெண்டு லிட்டர் உள்ள போச்சுன்னா இன்ஜெக்டர்ல இருக்கற கரியெல்லாம் அறுத்துக்கிட்டு வந்துரும். சாப்பாடா ஊத்துனாத்தான் சார் வெஷம். மருந்தா ஊத்துனா மருந்து. எத்தனை லாரிக்கு ஊத்தியிருக்கறேன், ஒண்ணாச்சும் நின்னிருக்குமா? லாரிப் பம்பு வேற காருப் பம்பு வேறன்னு சொல்லுவானுங்க ஏசி ரூமுல. பம்பு பம்புதான்.

பாருங்க, ஒரு லிட்டர் போச்சு. அந்த இன்னொரு பாட்டில எடுங்க.

வாம்மா. அங்க வை, டிரம் மேல. சாருக்கு சக்கரை கம்மி. வச்சாச்சுன்னா கெளம்பு. என்ன நிக்கற? மூணு மாசமா இல்லாத அதிசயமா வாயத் தொறக்கற? என்னது? பாட்டில்ல என்னவா? பெட்ரோல். கிட்ட வந்து மோந்து பாரு, உனக்குத்தான் வித்தியாசம் தெரியாதே. ஆமா, டீசல் வண்டிதான். டீசல் வண்டிக்குத்தான் இது. மருந்து. உனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?

என்ன கேக்கற? சத்தமாத்தான் கேளேன். மாப்ள காருக்கா?

பின்ன ஊத்தாம? ஊரான் வண்டிக்கெல்லாம் ஊத்துவேன், சொந்த மாப்ள வண்டிக்கு ஊத்தமாட்டனா? தேருக்கு வந்தப்ப காரக் கழுவிட்டு ரெண்டு லிட்டர் ஊத்துனேன். பொங்கலுக்கு வந்தப்ப ஊத்துனேன். தீவாளிக்கும் ஊத்துனேன். அதுக்கும் நீ செஞ்சதுக்கும் என்னடி சம்பந்தம்?

என்ன, ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?

ஏம்மா, டீத் தட்ட ஏன் கீழ வச்ச? ஏன் மண்ணுல உக்காந்துட்ட? சிரிக்கறயா அழுவறயா, ஒண்ணத்தப் பண்ணித் தொலை. சார், நீங்க எந்திரிக்காதீங்க, இவ நடிப்பா. "நீங்க கேட்டீங்கல்ல சார்"னு உங்கள எதுக்குக் கேக்கறா? கேட்டாருதான். நானேதான சொன்னேன், ஒளிச்சா சொன்னேன்? பங்க் முதலாளிகிட்ட வந்து சொல்லோணுமா? எதுக்குச் சொல்லோணும்? சார், நீங்க யாரு, அவ யாரு, அவ கூப்புட்டா நீங்க கெளம்பிருவீங்களா?

இருங்க. ரெண்டு லிட்டர்தான் சார். நாப்பது லிட்டர் டேங்க்ல ரெண்டு லிட்டர். அது எப்படி... இருபதுல...

சீ. அந்தக் கணக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மருந்து வேற சார்! சார்! ரோட்டப் பாத்துத் தாண்டுங்க, லாரி வருது! டீ ஆறிப்போகுது பாருங்க. சரி, போறதுதான் போறீங்க, சாவியயாச்சும் குடுத்துட்டுப் போங்க! நான் ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன், எப்படி ஓடுதுன்னு நீங்களே பாருங்க! சார்!